12 டிராலர்கள், இரண்டு இரவுகள்: துறையிலா, நங்கூரத்திலா, பிணைத்தா?

டிராலர் யாட் (மீன்பிடி டிராலரின் சாயலில் கட்டிய, நிதானமாகச் செல்லும் உல்லாசப் படகு) வைத்திருப்பவர்கள் ஒரு வார இறுதியில் கூடுவதென்று முடிவெடுத்தால் தேதி சீக்கிரம் உறுதியாகிவிடும். வருபவர்கள் பட்டியலும் தயாராகிவிடும். யார் எதைச் சமைத்து எடுத்துவருவது என்பதுகூடப் பேசித் தீர்ந்துவிடும். கடைசிவரை இழுபறியாக நிற்பது ஒரே கேள்விதான்: படகுகள் இரவில் எப்படி நிற்கப்போகின்றன? மரீனாவில், அதாவது கட்டணம் கட்டிப் படகு நிறுத்தும் துறையில், இடம் பிடிப்பதா? ஒதுக்கமான விரிகுடாவில் அவரவர் நங்கூரத்தில் நிற்பதா? அல்லது ஒரு பெரிய படகு நங்கூரமிட, மற்றவை அதன் இருபக்கமும் கயிறு கட்டிப் பிணைந்து நிற்பதா?

முதன்முறை சந்திப்பை நடத்தும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது இரண்டு படங்கள். ஒன்று, மரீனாக் கட்டணச் சீட்டு. மற்றொன்று, அமைதியான நீரில் ஆறேழு படகுகள் தோளோடு தோள் நிற்கும் அழகிய புகைப்படம். இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கமில்லாத கண்களுடன் வீடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். சந்திப்பு நன்றாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

தூரம். டிராலர் அவசரப்படாத படகு. நீரைக் கிழித்துச் செல்லும் அதன் உடலுக்கு ஓர் இயற்கையான வேக வரம்பு உண்டு. நீர்க்கோட்டின் (படகின் உடல் நீர்மட்டத்தைத் தொடும் கோடு) நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கிடைக்கும். நீர்க்கோடு 36 அடி என்றால் 8 நாட். எரிபொருளை மதிப்பவர்கள் 6.5 அல்லது 7 நாட்டில்தான் ஓட்டுவார்கள். 7 நாட்டில் 35 கடல் மைல் போக 5 மணி நேரம் ஆகும். எதிரே 2 நாட் நீரோட்டம் வந்தால் அதே தூரத்துக்கு 7 மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் புறப்படுபவர் இருட்டில் வந்து சேர்வார். அறிமுகமில்லாத இடத்தில் இருட்டில் நங்கூரமிடச் சொல்வது யாருக்கும் செய்யக்கூடாத உபசாரம். ஆகவே பெரும்பாலான படகுகள் 25 கடல் மைலுக்குள் வந்து சேரக்கூடிய இடமா என்பதை முதலில் பாருங்கள்.

இரவு 2 மணி. எனக்கு இதுவே தலையாய அளவுகோல். பகலில் எல்லா ஏற்பாடும் நன்றாகத்தான் தெரியும். நள்ளிரவு தாண்டிக் காற்று திசை மாறி, மழையோடு 25 நாட்டில் அடிக்கும்போது ஒவ்வொரு படகும் என்ன செய்யும், அதன் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கலந்து பழகுதல். கூடுவதே அதற்காகத்தான். ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குப் போவது எவ்வளவு எளிது? முழங்கால் வலி உள்ளவருக்கு எளிதா? இன்னும் படகு வாங்காமல் யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பம் வந்து பார்க்க முடியுமா?

மின்சாரம், நன்னீர், கழிவு. இரண்டு பேர் வாழும் படகில் வார இறுதியில் ஆறு பேர் வந்துபோவார்கள். தொட்டிகள் அந்தக் கணக்கில் காலியாகும், அந்தக் கணக்கிலேயே நிறையும்.

குழுவில் அனுபவம் குறைந்தவர். 12 படகுகளில் 10 படகுகளின் தலைவர்கள் பழுத்த கைகளாக இருக்கலாம். மீதி இரண்டு பேருக்கு எது தாங்குமோ அதுதான் குழுவுக்குத் தாங்கும். நங்கூரம் பிடிக்காத ஒரு படகு நகர்ந்து வந்து மோதுவது, பிடித்திருக்கும் படகின்மேல்தான்.

செலவைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. மூன்று வழிகளிலும் செலவு உண்டு. ஒன்றில் அது சீட்டில் அச்சாகி வருகிறது, மற்ற இரண்டில் வேறு உருவத்தில் வருகிறது.

## மரீனாத் துறை

மரீனாவின் பெரிய வரம், நடந்தே போகலாம் என்பது. டிராலர்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் என்ஜின் அறையில்தான் முடியும். வரவேற்பறைத் தரைப்பலகையைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, ஒருவர் கீழே இறங்கிக் கைவிளக்கைப் பிடிக்க, மேலே மூன்று தலைகள் எட்டிப் பார்க்கும். எரிபொருள் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் தங்கிய நீரைப் பற்றி விவாதம் நடக்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட்டைச் சுற்றிக் கரிய தூள் படிந்திருப்பதைப் பார்த்து ஒரு மூத்தவர், "பெல்ட் வழுக்குகிறது, அல்லது புல்லி நேர்கோட்டில் இல்லை, பாருங்கள்" என்பார். படகுக்காரர் பல மாதங்களாகத் தினமும் பார்த்த தூள்தான் அது.

1960களில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரீன் நிறுவனம் கட்டத் தொடங்கிய கிராண்ட் பேங்க்ஸ் படகுகள் பலவற்றிலும், அக்கால டிராலர்கள் வேறு சிலவற்றிலும் 120 குதிரைத்திறன் ஃபோர்ட் லேமன் டீசல் என்ஜின் இருக்கும். அதன் எரிபொருள் செலுத்தும் பம்ப்புக்கு என்ஜினிலிருந்து வேறாகத் தனி எண்ணெய் உண்டு. அதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய படகைப் புதிதாக வாங்கியவர் இதை அறியாமலே இருந்துவிடலாம். பக்கத்துப் படகுக்காரர் ஒரு வாக்கியத்தில் சொன்னால் ஒரு பம்ப் பிழைக்கும். இப்படிப்பட்ட பேச்சு 10 பேருக்கு முறை வைத்து நடக்க வேண்டுமானால் துறைதான் சரியான இடம். டிங்கியில் (பெரிய படகோடு கொண்டுவரும் சிறு படகு) வந்து போகும் ஏற்பாட்டில் இரண்டு மூன்று பேருக்குமேல் கிடைக்காது.

படகு இல்லாதவர்களும் வர முடிவது இன்னொரு நன்மை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சுற்றிவரும் கிரேட் லூப் நீர்வழியைப் பயணிப்பவர்களின் சங்கம் தன் இலையுதிர்காலச் சந்திப்புகளை அலபாமாவின் ஜோ வீலர் மாநிலப் பூங்காவில் நடத்தி வந்திருக்கிறது. அங்கே மரீனாவும் தங்கும் விடுதியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. படகில் வந்தவரும் காரில் வந்தவரும் ஒரே கூட்டத்தில் உட்கார முடிகிறது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பல மரீனாக்கள் கட்டணத்தை முழு நீளத்துக்குப் போடுகின்றன. பெயரில் 36 என்று இருக்கும் படகு, முன்னால் நீட்டிய நங்கூரப் பலகை, பின்னால் நீச்சல் மேடை, அதற்கும் பின்னால் தொங்கும் டிங்கி எல்லாம் சேர்ந்து 40 அடியைத் தாண்டிவிடும். சில இடங்களில் மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டு. முன்பணம் எப்போதுவரை திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. கட்டிய பணம் ஆளைக் கடலுக்குத் தள்ளும். வானிலை அறிக்கை சரியில்லை என்று தெரிந்தும், "இடத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டதே" என்று புறப்படுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரும் புறப்படாதபடி, வர முடியாதவருடைய இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். நான் இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

அடுத்தது, துறையில் நுழையும் பதற்றம். ஒற்றை என்ஜின் டிராலரைப் பின்னியக்கத்தில் போட்டால், வலம் சுழலும் புரொபெல்லர் பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும். மேல்தட்டின் உயரம் காற்றை வாங்கும். துறையில் 20 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். உதவி செய்யும் ஆசையில் ஒருவர் அணியத்தின் (படகின் முன்முனை) கயிற்றைப் பிடித்து வலுவாக இழுப்பார். அணியம் துறையோடு ஒட்டும், பின்பக்கம் வெளியே விலகும், பக்கத்துப் படகை நோக்கிப் போகும். இதைத் தவிர்க்க, பழகிய கைகள் இருவரை மட்டும் துறையில் நிறுத்துங்கள். நடுப்பகுதிக் கயிற்றை முதலில் வாங்கிக் கட்டட்டும், மற்றவர்கள் கை கட்டி நிற்கட்டும். படகுகள் 20 நிமிட இடைவெளியில் வரட்டும். நீரோட்டம் தணியும் நேரத்தைப் புதியவர்களுக்கு ஒதுக்குங்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள நீர்வழி, வரும் படகுகளில் நீளமானதைப் போல ஒன்றரை மடங்காவது அகலம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது. கரையிலிருந்து படகுகளுக்கு மின்சாரம் இணைத்த துறையில் யாரும் நீரில் இறங்கக் கூடாது. ஏதோ ஒரு படகின் பழுதான வயரிங்கிலிருந்து கசியும் மின்னோட்டம் நீந்துபவரின் தசைகளை முடக்கி மூழ்கடித்துவிடும். உப்புநீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் நன்னீரைவிட மனித உடலே மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. நீர் பார்ப்பதற்கு அமைதியாகவே இருக்கும். குழந்தைகள் வரும் சந்திப்பு, நீச்சல்தான் அவர்களின் கொண்டாட்டம் என்றால், மரீனா அவர்களுக்கான இடமே இல்லை.

## அவரவர் நங்கூரம்

இந்த வழியில் ஒவ்வொரு படகும் தன் வீட்டைத் தானே காக்கிறது. யாருடைய கயிறும் யாரையும் கட்டிவைக்காது. எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். காலையில் எழுந்து தேநீரோடு பின்தளத்தில் உட்கார்ந்தால், ஓதம் திரும்பும் நேரத்தில் எல்லாப் படகுகளும் மெல்ல முகத்தைத் திருப்புவது தெரியும். ஆழமான அடிக்கட்டை உள்ளவை நீரோட்டத்தின் பேச்சைக் கேட்டு முதலில் திரும்பும். உயர்ந்த மேல்தட்டு உள்ளவை காற்றின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பழைய திசையிலேயே நிற்கும். அழகான காட்சி. ஆனால் இடைவெளியைக் குறைத்து நங்கூரமிட்டவர்களுக்கு அந்த அரைமணி நேரம்தான் சோதனை.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பாருங்கள். ஆழம் 5 மீட்டர், ஓதம் ஏறினால் இன்னும் 2 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1.5 மீட்டர். மொத்தம் 8.5 மீட்டர். அமைதியான இரவுக்கு அதைப்போல 5 மடங்கு சங்கிலி என்றால் 42.5 மீட்டர். அதோடு 12 மீட்டர் படகு நீளத்தையும் சேர்த்தால், நங்கூரத்தை மையமாக வைத்து ஏறத்தாழ 54 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் படகு சுற்றும். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 2¼ ஏக்கர். காற்று வலுக்கும் என்று தெரிந்து 7 மடங்கு விட்டால் வட்டம் இன்னும் பெருகும். எல்லாப் படகுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே சுற்றுவதால் வட்டங்கள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படியலாம்தான். ஆனாலும் 12 படகுகளுக்கு ஒரு சின்ன விரிகுடா போதும் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்பவர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று அர்த்தம்.

பழகியவர்கள் முதலில் வந்து நங்கூரமிடட்டும். பின்னால் வருபவர் முன்னவரிடம், "எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள்?" என்று வானொலியில் கேட்டு, அதற்கேற்ப இடம் தேர்ந்து நிற்கட்டும். இதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். நங்கூரமிட்டதும் பின்னியக்கத்தில் மெல்ல இழுத்துப் பிடிப்பைச் சோதித்து, கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துப் பார்த்தால் படகு நகர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 30ஆவது விதி, நங்கூரமிட்ட படகு பகலில் ஒரு பந்தும் இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும் என்கிறது. 50 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு ஒரு விளக்கே போதும். இதில் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். விருந்து நடக்கும் படகில் அலங்கார விளக்குகள் எரிகின்றன என்பதற்காக நங்கூர விளக்கை அணைத்துவைப்பது தவறு.

மறைந்த செலவு முதலில் மின்கலத்தில் தெரியும். ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் குளிர்பெட்டி பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளில் 60 ஆம்பியர்-மணி போய்விடும். ஈய அமில மின்கலத்தில் எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதிக்குமேல் எடுப்பது அதன் ஆயுளைத் தின்னும். விருந்தாளிகள் வரும் வார இறுதியில் குளிர்பெட்டிக் கதவு மூடியே இருக்காது. ஆக, ஜெனரேட்டர் ஓடும். எப்போது ஓடலாம் என்பதற்கு நேரம் குறித்துவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். அமைதிக்காக வந்த இடத்தில் முறை வைத்தாற்போல் நாள் முழுக்க ஏதோ ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருப்பது கொடுமை.

கழிவுத்தொட்டி அடுத்தது. புறப்படும்போது காலியாக இருக்க வேண்டும், திரும்பும் வழியில் உறிஞ்சியெடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூடிய விரிகுடாவில் 12 படகுகளின் கழிவு கலந்தால் அந்த நீரில் நீந்துவது நம் பிள்ளைகள்தான்.

டிங்கிப் பயணங்களே இந்த வழியின் பலவீனமான இடம். விருந்து முடிந்து இரவு 10 மணிக்கு மேல், ஏணியில் இறங்கி, ஆடும் ரப்பர்ப் படகில் கால் வைப்பதுதான் வார இறுதியின் மிக ஆபத்தான அடி. 7 மீட்டருக்குக் குறைந்த, 7 நாட்டுக்கு மேல் போகாத விசைப்படகு எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு வைத்திருந்தால் விதிப்படி போதும். அந்த ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும், என்ஜினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவர் கையில் மாட்டியிருக்க வேண்டும். குடித்தவர் டிங்கி ஓட்டக் கூடாது. ஓட்டுவதற்கென்றே இரவுக்கு ஒருவரை முறை வைத்து நியமிப்பது நல்ல வழக்கம்.

## பக்கம் பக்கமாகப் பிணைத்தல்

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஒரே வட்டத்தில் ஐந்து படகுகள் அடங்கிவிடுகின்றன. டிங்கி வேண்டாம். குழந்தைகள் தளத்துக்குத் தளம் தாவுகிறார்கள். ஒரு படகில் சமையல், அடுத்ததில் பந்தி, அதற்கடுத்ததில் அரட்டை. பகல் நேரத்தில், காற்றில்லாத நீரில், இதைவிட மகிழ்ச்சியான ஏற்பாடு கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், ஒரே நங்கூரம் எல்லாப் படகுகளையும் சுமக்கிறது. அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் அட்டவணைப்படி 40 அடிப் படகின் நங்கூரத்துக்கு 15 நாட் காற்றில் 300 பவுண்டு இழுவையும், 30 நாட்டில் 1,200 பவுண்டு இழுவையும் வைத்துக் கணக்கிட வேண்டும். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம். இப்போது ஐந்து படகுகளைப் பிணைத்து 15 நாட் காற்றில் நிறுத்துங்கள். 1,500 பவுண்டு. அதாவது, கொடி சற்றே படபடக்கும் சாதாரணக் காற்றில், உங்கள் நங்கூரம் தனிப்படகுக்கு 30 நாட்டில் வரும் சுமையைவிட அதிகமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. அதே காற்று 30 நாட் ஆனால்? நல்ல நங்கூரக்காரரும் அந்தக் கணக்கைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கூடுதலாக ஓரப் படகுகளும் நங்கூரம் போட்டால் என்ன என்று கேட்பார்கள். காற்று திசை மாறாதவரை பலன் உண்டு. மாறிவிட்டால் கூட்டம் முழுவதும் சுற்றும், சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அவசரத்தில் பிரிய வேண்டிய நேரத்தில் யாராலும் பிரிய முடியாது.

அலை இன்னொரு பக்கம். நான் கலந்துகொண்ட ஒரு சந்திப்பில் நான்கு படகுகள் பிணைந்து நின்றன. இரவு உணவு முடிந்து பாத்திரங்கள்கூட எடுக்கவில்லை. தூரத்தில் ஒரு வேகப்படகு கடந்து போனது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குப் பிறகு அதன் அலை வந்தது. உருண்டை அடிவயிறு கொண்ட டிராலர் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தாளத்தில் ஆடும். எங்கள் படகு இடப்பக்கம் சாயும்போது பக்கத்துப் படகு வலப்பக்கம் சாய்ந்தது. உரசாமலிருக்க நடுவில் தொங்கவிட்டிருந்த ஃபெண்டர் மெத்தை பிதுங்கி மேலே துள்ளி, தளத்தில் வந்து விழுந்தது. அடுத்த ஆட்டத்தில் தேக்குக் கைப்பிடியும் எதிர்ப்படகின் விளிம்பும் நேருக்கு நேர் இடித்தன. காய்ந்த விறகு முறிவது போன்ற சத்தம். எல்லாம் சேர்த்து 15 விநாடி இருக்கும். ஒரு பையன் இரண்டு படகுகளுக்கு நடுவே காலை வைக்கப் போயிருந்தான், அவன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். கைப்பிடியைப் பிறகு செப்பனிட்டோம். அந்தப் பையனின் காலை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. ஜெனரேட்டரின் புகைக்குழாய் படகின் பக்கவாட்டில் இருந்தால், பிணைத்து நிற்கும்போது அது அடுத்த படகின் ஜன்னலை நோக்கி ஊதும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசலைவிடப் பெட்ரோல் என்ஜின் அதை மிக அதிகமாகக் கக்கும். கையடக்கப் பெட்ரோல் ஜெனரேட்டரைத் தளத்தில் வைத்து ஓட்டுபவர் குழுவில் இருந்தால், பிணைப்பில் அவருக்கு இடம் கொடுக்காதீர்கள். பிணைந்து நிற்கும்வரை எந்த ஜெனரேட்டரும் ஓடக் கூடாது, தூங்கும் அறை ஒவ்வொன்றிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

பிணைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று படகுகளோடு நிறுத்துங்கள். கனமான படகு நடுவில் நங்கூரமிடட்டும். அது நன்றாகப் பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகே மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும். மேல்தட்டுகளும் தொங்கவிட்ட டிங்கிகளும் நேருக்கு நேர் வராதபடி படகுகளை முன்பின்னாக நகர்த்திக் கட்டுங்கள். முன்னும் பின்னுமாக ஓடும் குறுக்குக் கயிறுகள்தான் அந்த நிலையைக் காக்கும், அவற்றைச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ஃபெண்டர்களை இரண்டு படகுகளும் தொங்கவிட வேண்டும். முதலில் கிளம்ப வேண்டியவர் ஓரத்தில் நிற்கட்டும்.

சூரியன் மறையும் முன் பிரிந்து, அவரவர் நங்கூரத்துக்குப் போய்விடுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மரீனாத் துறை | அவரவர் நங்கூரம் | பிணைத்தல் |
|---|---|---|---|
| தேவைப்படும் இடம் | படகுக்கு ஒரு துறை, முன்பதிவு கட்டாயம் | படகுக்குச் சுமார் 2¼ ஏக்கர் நீர் | மூன்று படகுகளுக்கு ஒரே வட்டம் |
| இரவு 2 மணிக் காற்று | கயிறுகளைச் சரிபார்த்துவிட்டுத் தூங்கலாம் | ஒருவர் விழித்திருக்க வேண்டும் | இருட்டில் பிரிய வேண்டும் |
| கலந்து பழகுதல் | மிக எளிது, படகில்லாதவருக்கும் | டிங்கியை நம்பி | மிக எளிது, படகுக்காரர்களுக்கு மட்டும் |
| மின்சாரம், நீர் | கிடைக்கும் | கொண்டுவந்ததுதான் | கொண்டுவந்ததுதான், ஜெனரேட்டரும் கூடாது |
| நீச்சல் | கூடவே கூடாது | நன்று | நன்று, என்ஜின்கள் அணைந்திருந்தால் |
| மறைந்த செலவு | முழு நீளக் கட்டணம், திரும்பாத முன்பணம் | மின்கலம், கழிவு, காவல் | உடைந்த விளிம்பு, நசுங்கிய விரல் |
| புதியவருக்கு | நுழையும்போது மட்டும் பதற்றம் | நங்கூரம் பழகியிருக்க வேண்டும் | மற்றவர் மேற்பார்வையில், பகலில் மட்டும் |

## மிதவைகளும், படகில்லாமல் வருபவர்களும்

சில விரிகுடாக்களில் நிரந்தர மூரிங் மிதவைகள் (கடலடியில் பிணைத்த, படகைக் கட்டி நிறுத்தும் மிதவைகள்) இருக்கும். சுற்றும் வட்டம் சிறியது, கடலடிப் புல்லுக்கும் நங்கூரத்தால் வரும் சேதம் இல்லை. ஆனால் மிதவைக்குக் கீழே உள்ள சங்கிலி எந்த நிலையில் இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது. எவ்வளவு எடைக்கு, எத்தனை அடிப் படகுக்கு அது போடப்பட்டது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பொறுப்பாளர் பதில் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு மிதவையில் இரண்டு படகுகளைப் பிணைக்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள்.

படகு பழுதாகி நிற்பவர், படகை விற்றுவிட்ட முதியவர் ஆகியோரை மறந்துவிட வேண்டாம். 30 ஆண்டுகள் படகு ஓட்டியவர் ஏணி ஏற முடியவில்லை என்பதற்காகக் கூட்டத்துக்கு வராமல் போவது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். நங்கூரச் சந்திப்பானாலும் ஒரு வேளை உணவையாவது கரையில் வைத்துக்கொண்டால் அவர்கள் வருவார்கள்.

## எந்தக் குழுவுக்கு எது

ஒருவரையொருவர் இதுவரை பார்த்திராத குழுவின் முதல் சந்திப்பு என்றால் மரீனா. எட்டுப் படகுகளுக்கு மேல் என்றாலும், என்ஜின் பாடமும் படகு பார்ப்பதும்தான் நோக்கம் என்றாலும் மரீனாதான். செலவு கூடும், ஆனால் அந்தச் செலவுக்குக் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது.

இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து பயணித்த ஆறு படகுகள், எல்லோருக்கும் நங்கூரத்தைத் தூக்கும் மின்சார வின்ச்சும் போதிய சங்கிலியும் உண்டு, குழந்தைகள் நீந்தத் துடிக்கிறார்கள் என்றால் அவரவர் நங்கூரம். சனிக்கிழமை மதியம் மூன்று மூன்றாகப் பிணைத்துச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, மாலை 5 மணிக்குப் பிரிந்துவிடலாம். நான் மிகவும் விரும்புவது இந்தக் கலவையைத்தான். எங்கள் குழுவுக்கு இதுவே பழக்கமாகிவிட்டது.

இரவு முழுக்கப் பிணைந்தே நிற்கும் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நிலம் நான்கு பக்கமும் மூடிய, மற்றப் படகுகள் கடக்காத, காற்றே இல்லாத ஓரிடம் கிடைத்தால் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பிரிவதற்கான வரிசையை முன்பே பேசி, என்ஜின் சாவியை அதனதன் இடத்தில் வைத்துவிட்டே படுக்கிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும் வியாழக்கிழமை மாலை வானிலை அறிக்கையைப் பார்த்து, போவதா, மாற்று இடமா, ஒத்திவைப்பதா என்று ஒருவர் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். அழைப்போடு ஒவ்வொரு படகுக்கும் ஐந்து கேள்விகளையும் அனுப்புங்கள்: படகின் முழு நீளமும் அகலமும் எவ்வளவு? எத்தனை மீட்டர் சங்கிலி இருக்கிறது? கழிவுத்தொட்டி எத்தனை நாள் தாங்கும்? ஏணி ஏற முடியாதவர் யாராவது வருகிறாரா? இரவு 2 மணிக்கு நங்கூரத்தைத் தூக்கிப் படகை ஓட்டிச் செல்ல உங்கள் படகில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசிக் கேள்விக்கு "ஒருவர்" என்று பதில் வரும் படகுகளை எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் உடனே மரீனாவை அழைத்து இடம் கேளுங்கள்.